பத்து நிமிடம் ஊற வைக்கவும்

2020 மே 3, ஞாயிற்றுக்கிழமை. வானத்திலிருந்து பூ கொட்டியது. ஹெலிகாப்டர்கள் நாடெங்கும் ஆஸ்பத்திரிகளுக்கு மேலே தாழப் பறந்து மலர் இதழ்களைத் தூவின. கீழே கவச உடையில் வரிசையாக நின்ற மருத்துவர்களும் செவிலியர்களும் அண்ணாந்து பார்த்தார்கள். கண்ணில் பாதுகாப்புக் கண்ணாடி மாட்டியிருந்தவர்களுக்கு என்ன தெரிந்திருக்கும் என்று அன்று எந்தத் தொலைக்காட்சியும் கேட்கவில்லை. உள்பக்கம் மூச்சு பட்டுப் பனி படிந்து, வெளிப்பக்கம் மருந்து பட்டு வெளுத்துப் போன பிளாஸ்டிக் வழியாகப் பார்த்தால் பூவும் ஒன்றுதான், புகையும் ஒன்றுதான். மேலே என்னமோ சத்தம் கேட்கிறது, தலையில் என்னமோ விழுகிறது. தேசம் நன்றி சொல்கிறது என்று பக்கத்தில் நிற்பவர் சொல்லித்தான் தெரிய வேண்டும்.

அதற்கு முன்னால் மார்ச் 22-இல் தட்டு தட்டினோம். ஏப்ரல் 5 இரவு 9 மணிக்கு 9 நிமிடம் விளக்கேற்றினோம். இரண்டுக்கும் நடுவில், கவச உடை கிடைக்காமல் கொல்கத்தாவில் மழைக்கோட்டும் அரியானாவில் மோட்டார் சைக்கிள் ஹெல்மெட்டும் மாட்டிக்கொண்டு மருத்துவர்கள் வேலை பார்க்கிறார்கள் என்று செய்தி வந்தது. மணியோசை ஆயிற்று, தீபாராதனை ஆயிற்று, புஷ்பாஞ்சலியும் ஆயிற்று. தீர்த்தம் ஒன்றுதான் பாக்கி. அதுவும் அந்த மே மாதமே வந்தது. மத்திய சுகாதார அமைச்சகம் ஓர் அறிவுரை அனுப்பியது: பாதுகாப்புக் கண்ணாடியைத் தூக்கி எறியாதீர்கள், சோப்புப் போட்டுக் கழுவுங்கள், ஒரு சதவீத சோடியம் ஹைப்போகுளோரைட்டில் பத்து நிமிடம் ஊற வையுங்கள், அலசி உலர்த்தி மறுபடி மாட்டிக்கொள்ளுங்கள்.

தட்டுப்பாட்டுக் காலம். கழுவித் திரும்ப உபயோகிக்கச் சொன்னதில் எனக்கு ஒரு வழக்கும் இல்லை. பால் கவரைக் கழுவிக் கொடியில் காயப்போடும் ஜனங்களுக்குச் சிக்கனம் சொல்லித் தர வேண்டுமா என்ன? வயிறு எரிவது வேறு காரணத்துக்கு. கழுவக் கழுவ அந்தக் கண்ணாடிக்கு என்ன ஆகிறது என்று கணக்கு வைத்துக்கொள்ள மேலிருந்து கீழ்வரை ஓர் ஆள் கிடையாது. அதன் விலையை விற்றவர் கொடுக்கவில்லை, வாங்கியவர் கொடுக்கவில்லை, சுற்றறிக்கையில் கையெழுத்துப் போட்டவர் கொடுக்கவில்லை. மாட்டிக்கொண்டவள் கொடுத்தாள், கண்ணால்.

கண் என்ன அவ்வளவு பெரிய வாசலா என்று கேட்பவர்கள் இருக்கிறார்கள். 2020 ஜனவரியில் வூஹானுக்கு ஆய்வுக்குப் போன பெய்ஜிங் நுரையீரல் நிபுணர் வாங் குவாங்ஃபா, என்-95 முகக்கவசம் போட்டுக்கொண்டுதான் போனார். கண்ணாடி போடவில்லை. ஊர் திரும்பிய பிறகு முதலில் இடது கண் சிவந்தது. சில மணி நேரத்தில் காய்ச்சல். பிறகு தொற்று உறுதியானது. கண் வழியாகத்தான் வந்திருக்க வேண்டும் என்று அவரே சொன்னார். கண்ணாடி ஒப்புக்கு மாட்டும் சாமான் இல்லை என்பது உலகத்துக்கே அப்போதுதான் உறைத்தது.

நம் அமைச்சகத்துக்கும் உறைத்தது. 2020 மார்ச்சிலேயே கவச உடைகளுக்கான விவரக்குறிப்பு வந்துவிட்டது. கண்ணாடி எப்படி இருக்க வேண்டும் என்று அதில் எழுதியிருப்பதைப் படித்தால் கண்ணில் ஒற்றிக்கொள்ளத் தோன்றும். எல்லாப் பக்கமும் மூடி முகத்தோடு பொருந்த வேண்டும். பவர் கண்ணாடி போட்டவர்கள் அதன்மேல் மாட்டிக்கொள்ள இடம் இருக்க வேண்டும். பனி படியக் கூடாது. கீறல் விழக் கூடாது. ஐரோப்பாவின் இ.என். 166 அல்லது அமெரிக்காவின் இசட் 87.1 தரத்தில் இருக்க வேண்டும். அப்புறம் ஒரு சலுகை: கிருமிநீக்கத்துக்குத் தகுந்த ஏற்பாடு இருக்குமானால், திரும்பத் திரும்ப உபயோகிக்கிற வகையாகவும் இருக்கலாம்.

அந்தத் தகுந்த ஏற்பாட்டை நான் பார்த்திருக்கிறேன். எந்த ஆஸ்பத்திரி என்று கேட்க வேண்டாம். உங்கள் ஊரில் இருப்பதாகவே வைத்துக்கொள்ளுங்கள், பெரிய வித்தியாசம் இருக்காது. ஏற்பாட்டின் நிறம் நீலம். கொள்ளளவு இருபது லிட்டர். கைப்பிடி போன இடத்தில் பேண்டேஜ் துணியை முறுக்கிக் கட்டியிருந்தார்கள். கவச உடையைக் கழற்றும் அறையின் மூலையில், கைகழுவும் தொட்டிக்குக் கீழே அது உட்கார்ந்திருந்தது. மேலே சுவரில் செலோடேப் போட்டு ஒட்டிய தாள்: ‘ஹைப்போ 1% – 10 நிமிடம்’. ஆஸ்பத்திரிக்குள் யாரும் அந்த மருந்தின் முழுப்பெயரைச் சொல்லி நேரத்தை வீணாக்குவதில்லை, ஹைப்போதான். ஐந்து சதவீதக் கேனிலிருந்து ஒரு பங்கு, தண்ணீர் நாலு பங்கு. அளப்பதற்கு ஒரு மக், அது கழிப்பறையிலிருந்து பதவி உயர்வு பெற்று வந்தது.

கேன் தீர்ந்த நாளில் பிளீச்சிங் பவுடர். லிட்டருக்கு முப்பது கிராம் சொச்சம் என்பது புத்தகக் கணக்கு. ஒப்பந்தத்தில் வேலை பார்க்கும் பல்நோக்குப் பணியாளர் அக்காவுக்குத் தராசு யாரும் கொடுக்கவில்லை, அவர் கணக்கில் அது ரெண்டு கை. கரையாத சுண்ணாம்பு அடியில் மண்டியாகத் தங்கும். அந்த மண்டியில் இருபது முப்பது கண்ணாடிகள் குப்புறக் கிடந்து ஒன்றையொன்று உரசும். பத்து நிமிடம் என்பது எடுத்து அலச ஆள் இருக்கும் ஷிப்டுக்கான சட்டம். ஆள் இல்லாத ஷிப்டில் அது மறு ஷிப்ட் வரும்வரை நீளும். காலையில் கலக்கிய ஹைப்போ வெயிலிலும் வெக்கையிலும் சாயங்காலத்துக்குள் வீரியம் இழக்கும், அதனால் அவ்வப்போது புதிதாகக் கலக்க வேண்டும் என்பதும் விதியில் உண்டு. விதியை மதித்து, பழைய தண்ணீரைக் கொட்டாமல் அதன்மேலேயே இன்னொரு மக் ஹைப்போ ஊற்றினார்கள்.

அவரவர் கண்ணாடியின் பட்டையில் அவரவர் பெயர் எழுதச் சொல்லியிருந்தார்கள். மார்க்கர் பேனாவால் எழுதினார்கள். ஹைப்போ இல்லாத நாளில் ஸ்பிரிட் போட்டுத் துடைப்பார்கள், ஸ்பிரிட் பட்டால் மார்க்கர் மை கரைந்துவிடும். சில நாளில் ‘ஜெயந்தி’ வெறும் ‘ஜெ’ ஆனாள். அதற்குப் பிறகு யார் கண்ணாடியை யார் மாட்டினார்கள் என்பது பக்கெட்டுக்கே வெளிச்சம்.

ஒரு கண்ணாடியை எடுத்துக் கையில் வைத்துப் பார்த்தேன். லென்ஸின் நடுவில் பால் படிந்த மாதிரி ஒரு வெளுப்பு. காஸ் துணியால் வட்டவட்டமாகத் துடைத்த கீறல்கள் அந்த வெளுப்புக்கு மேலே. பட்டை கோக்கும் துளையைச் சுற்றி வெள்ளி இழைகளாக மெல்லிய விரிசல். முகத்தில் படும் விளிம்பு மஞ்சளித்து விறைத்திருந்தது. பட்டை தொளதொளத்துவிட்டதால் பின்னால் ஒரு முடிச்சு. உள்பக்கம் மூலையில் வெள்ளையாக உப்பு பூத்திருந்தது. சரியாக அலசாமல் காய்ந்த ஹைப்போ அது. கவச உடைக்குள் வியர்வை வழியும்போது இந்த உப்பு கரைந்து நேராகக் கண்ணுக்குள் இறங்கும். கண் எரியும், நீர் கொட்டும், கையால் துடைக்க முடியாது. துடைக்கக் கூடாது என்பதற்காகத்தானே கண்ணாடியே. மேலே தூக்கி டியூப்லைட்டைப் பார்த்தேன். டியூப்லைட் தெரியவில்லை, அது இருக்கும் திசை தெரிந்தது.

இதில் மர்மம் ஒன்றும் கிடையாது. லென்ஸ் பெரும்பாலும் பாலிகார்பனேட். அருமையான பிளாஸ்டிக், நிலவுக்குப் போன அப்பல்லோ வீரர்களின் தலைக்கவசக் குமிழியே இதில் செய்ததுதான். சுத்தியலால் அடித்தாலும் லேசில் நொறுங்காது. ஆனால் அடி தாங்கும் இந்தப் பொருளுக்குக் கீறல் தாங்காது, மேற்பரப்பு அவ்வளவு மெத்து. அதனால் மேலே ஒரு கெட்டிப் பூச்சு கொடுப்பார்கள். உள்பக்கம் பனி படியாமலிருக்க இன்னொரு பூச்சு. மூச்சின் ஈரம் துளித்துளியாகத் திரண்டால் ஒளி சிதறும், பார்வை மறையும். அந்த ஈரத்தை ஒரே சீரான மெல்லிய படலமாகப் பரப்பிவிடுவதுதான் பனிப்பூச்சின் வேலை. விலை மலிந்த கண்ணாடிகளில் அந்தப் பூச்சு சாயம் நிற்காத சுங்குடிச் சேலை மாதிரி, முதல் அலசலிலேயே பாதி தண்ணீரோடு போய்விடும். மிச்சத்தை ஸ்பிரிட் துணி வழித்தெடுக்கும்.

அடுத்தது கெட்டிப் பூச்சின் முறை. கேனில் வரும் ஹைப்போ கெட்டுப் போகாமலிருக்க அதில் காரம் சேர்த்திருப்பார்கள். பாலிகார்பனேட்டின் சங்கிலியில் இருக்கும் இணைப்புகளை அறுக்கக்கூடியது காரம். ஒரு நாள் பத்து நிமிடத்தில் ஒன்றும் குடிமுழுகாது. நாள்தோறும் பத்து நிமிடம், மறந்த நாளில் ஆறு மணி நேரம் என்று போனால், பூச்சு எங்கே தேய்ந்திருக்கிறதோ அங்கே ஆரம்பிக்கும். அச்சில் வார்க்கும்போதே பிளாஸ்டிக்குக்குள் இறுகி நின்றுவிடும் அழுத்தம் வேறு உண்டு. துளை, மூலை, பட்டை இழுக்கும் இடம் எல்லாவற்றிலும் அது காத்திருக்கும். ஆஸ்பத்திரித் தரையையும் மேசையையும் துடைக்கும் கிருமிநாசினிகளில் சிலவற்றில் இருக்கும் குவாட்டர்னரி அம்மோனியம் உப்புகள் சரியாக அந்த இடம் பார்த்து இறங்கி மயிரிழை விரிசல் போடும். முகத்தடுப்பு அக்ரிலிக்காக இருந்தால் அதற்கு ஸ்பிரிட்டே எமன். மென்மையான பி.வி.சி. விளிம்பிலிருந்து அதை மென்மையாக வைத்திருக்கும் பொருளை ஸ்பிரிட் உருவிவிடும், விளிம்பு விறைத்துக் கன்னத்தில் பள்ளம் தோண்டும். பட்டையின் மீள் இழையைக் குளோரின் அரிக்கும். முகத்தடுப்பில் நெற்றிக்கு ஸ்பாஞ்சு ஒட்டியிருப்பார்களே, அது பக்கெட்டிலிருந்து தன் பங்கு ஹைப்போவை உறிஞ்சி வைத்துக்கொண்டு டியூட்டி முழுக்கப் புருவத்தின் மேல் சொட்டுச் சொட்டாக விநியோகிக்கும். இங்கே பொது விநியோகத் திட்டத்தில் தட்டுப்பாடே வராத பொருள் அது ஒன்றுதான்.

இதெல்லாம் கொரோனா வந்து கற்றுக்கொடுத்த பாடம் என்று யாரும் கதைவிட முடியாது. பாலிகார்பனேட் 1953-இல் பிறந்தது. எந்த ரசாயனம் அதற்கு ஒத்துவரும், எது ஆகாது என்று தயாரிப்பாளர்கள் அட்டவணையே போட்டு வைத்திருக்கிறார்கள். சுற்றறிக்கை எழுதும் மேசையிலிருந்து அந்த அட்டவணை வெகு தூரத்தில் இருக்கிறது போலும்.

சரி, எதிரி பயங்கரமானவன், அதனால் மருந்தும் பயங்கரம் என்றாவது சமாதானம் சொல்லிக்கொள்ளலாம் என்று பார்த்தால் அதற்கும் வழியில்லை. கொரோனா கொழுப்புறை போர்த்திய வைரஸ். கிருமிநாசினிகளுக்கு முன்னால் சீக்கிரம் சாய்கிற ஜாதி. சோப்பே அந்த உறையைக் கிழித்துவிடும், அதனால்தான் ஊரையே இருபது நொடி கை கழுவச் சொன்னார்கள். கண்ணாடிக்கு உலக சுகாதார நிறுவனம் சொன்ன ஹைப்போ அளவு 0.1 சதவீதம். நாம் ஒரு சதவீதம். பத்து மடங்கு. நமக்கு எப்போதும் பக்தி கொஞ்சம் அதிகம். குளோரின் கண்ணாடியைக் கெடுக்கக்கூடும், அலசாமல் விட்டால் மிச்சம் தங்கித் தீங்கு செய்யும், ஊழியர்களுக்கு வேலைச்சுமை கூடும் என்று பாதகங்களையும் அந்த நிறுவனம் பக்கத்திலேயே எழுதி வைத்தது. அமெரிக்காவின் நோய்க் கட்டுப்பாட்டு மையமோ முக்கி வைக்கவே சொல்லவில்லை. மென்மையான சோப்புநீர்த் துணியால் முதலில் உள்பக்கம், அப்புறம் வெளிப்பக்கம் துடை. கிருமிநாசினி வெளிப்பக்கத்துக்கு மட்டும். அதன் மிச்சத்தையும் தண்ணீராலோ ஆல்கஹாலாலோ துடைத்தெடு. துடைத்த பிறகும் பார்வை மறைத்தால் தூக்கிப் போடு. இவ்வளவுதான். இந்த நாலு வரியைப் பின்பற்ற ஒரு மேசை, கொஞ்சம் துணி, துடைக்க ஓர் ஆள், அந்த ஆளுக்கு நேரம் வேண்டும். பக்கெட்டுக்கு இவை ஒன்றும் வேண்டாம். பக்கெட் ஜெயித்த ரகசியம் அதுதான்.

கண்ணாடி வந்த பெட்டிக்குள் தயாரிப்பாளர் ஒரு துண்டுச்சீட்டு வைத்திருப்பார்: மிதமான சோப்பும் தண்ணீரும் போதும், கடும் ரசாயனம் வேண்டாம். சுவரில் ஒட்டிய தாள் சொல்வது ஹைப்போ. சீட்டை நம்பினால் தொற்றுக் கட்டுப்பாட்டுக் குழு மெமோ கொடுக்கும். சுவரை நம்பினால் சாமான் கெட்டதற்கு ஸ்டோர் விளக்கம் கேட்கும். இரண்டு பேரும் ஒரே கட்டடத்தில் ஒரே கேண்டீனில் டீ குடிப்பவர்கள்தான். அந்தச் சீட்டையும் இந்தத் தாளையும் பக்கத்தில் பக்கத்தில் வைத்துப் பார்க்க ஒரு டீ நேரம் கூட வாய்க்கவில்லை.

இப்படி ஆன கண்ணாடியை மாட்டிக்கொண்டு என்ன வேலை செய்யச் சொன்னோம் தெரியுமா? நீரிழிவு முற்றிய கிழவரின் கையில் நரம்பு தேடச் சொன்னோம். மூச்சுத்திணறி நீலம் பாரித்தவரின் தொண்டைக்குள் குழாய் செருகச் சொன்னோம். பொட்டாசியம் குளோரைடு ஆம்பியூலும் வெறும் தண்ணீர் ஆம்பியூலும் கைக்கு ஒரே மாதிரிதான் இருக்கும். எழுத்தைப் படித்துத்தான் பிரிக்க வேண்டும், பிரிக்காமல் ஏற்றினால் இதயம் நின்றுவிடும். அந்தப் பொடி எழுத்தை, கத்திரி வெயில் நாளில், ஏசியை நிறுத்தி வைத்த வார்டில், மூன்று அடுக்கு உடைக்குள் நனைந்துகொண்டு, பனி படிந்த வெளுப்பு வழியாகப் படிக்கச் சொன்னோம். அவர்கள் படித்தார்கள். பாத்திரம் துலக்கும் திரவத்தை ஒரு சொட்டு உள்பக்கம் தடவிக்கொண்டு படித்தார்கள். தலையைச் சாய்த்து, வெளுக்காத ஓரமாகப் பார்த்துப் படித்தார்கள். சந்தேகம் வந்தால் பக்கத்தில் இருந்தவளிடம் நீட்டி, ‘இது என்னன்னு பாரு’ என்றார்கள். அவள் கண்ணாடியும் அதே பக்கெட்டில் குளித்ததுதான்.

எனக்கு ஒரு யோசனை. செவிலியர் தேர்வுக்கு இனிமேல் பார்வைப் பரிசோதனை தேவையில்லை, தொட்டுப் பார்த்து மருந்தைச் சொல்லும் திறமை இருந்தால் கூடுதல் மதிப்பெண் தரலாம். ஆம்பியூல்களில் பிரெயில் எழுத்துப் பொறிக்க ஒரு டெண்டர் விடலாம். குறைந்த விலை சொல்பவருக்கே கொடுக்கலாம், எழுத்து ஒன்றிரண்டு குறைந்தாலும் பாதகமில்லை. வார்டுக்குள் ஒரு கயிறு கட்டி, அதைப் பிடித்துக்கொண்டு கட்டில் கட்டிலாகப் போகச் செய்யலாம். கயிற்றையும் ஹைப்போவில் பத்து நிமிடம் ஊற வைக்கலாம்.

பார்வை மறைந்தால் தூக்கிப் போடு என்கிறார்களே, எவ்வளவு மறைந்தால்? அதை அளக்க உலகத்தில் கருவி உண்டு. ஹேஸ் மீட்டர் என்று பெயர். ஒளிபுகும் பிளாஸ்டிக் வழியாகப் போகும் வெளிச்சத்தில் எத்தனை சதவீதம் சிதறுகிறது என்று சொல்லும். 30 சதவீதத்துக்கு மேல் சிதறடித்தால், அமெரிக்கச் சோதனை முறையின் கணக்கில் அந்தப் பொருள் ஒளியைப் பரப்பும் வகைக்குப் போய்விடும், அதாவது குளியலறை ஜன்னலுக்கு ஆகும். ஆஸ்பத்திரியில் இந்தக் கருவி இருக்க வேண்டும் என்று நான் கேட்கவில்லை. வாங்குகிற இடத்தில் ஒரே ஒரு வரி கேட்கிறேன்: இந்தக் கண்ணாடி, நாங்கள் உபயோகிக்கப்போகும் மருந்தில், நாங்கள் சொல்லும் அளவில், இத்தனை முறை முக்கிய பிறகும் இவ்வளவுக்கு மேல் மங்கக் கூடாது. இ.என். 166-இல் கீறல் தாங்குவதற்கு ‘கே’, பனி தாங்குவதற்கு ‘என்’ என்று முத்திரை உண்டு. இரண்டும் விருப்பப்பட்டவர் செய்துகொள்ளும் சோதனைகள், அதுவும் புதுக் கண்ணாடிக்கு. ஹைப்போவில் முப்பது முறை முங்கி எழுந்த கண்ணாடி பற்றி அந்தத் தரம் வாயே திறக்காது. அப்படியானால் டெண்டர் எழுதுபவர்தான் அந்த வரியைச் சேர்க்க வேண்டும். சேர்த்தால் விலை ஏறும். ஏறினால் எல்-1, அதாவது குறைந்த விலை சொன்னவர், மாறும். எல்-1 மாறினால் தணிக்கையில் கேள்வி வரும். ஒரு செவிலியரின் கண் போனால் தணிக்கையில் கேள்வி வராது.

வெள்ளைக்காரன் ஊரில் இப்படி நடக்குமா என்று பெருமூச்சு விடுபவர்களுக்காக ஒரு சேதி: பிரிட்டனில் பன்றிக்காய்ச்சல் நேரத்தில், 2009-இல் வாங்கிக் கிடங்கில் அடுக்கிய டைகர் ஐ என்ற கண்ணாடிகள் ஒன்றரைக் கோடிக்கும் மேல். கொரோனாவுக்கு எடுத்து ஆஸ்பத்திரிகளுக்கு அனுப்பினார்கள். 2020 மே மாதம், தெறிக்கும் திரவத்தைத் தடுக்கும் தரத்தில் அது தேறவில்லை, உபயோகிக்காதீர்கள் என்று திரும்பப் பெற்றார்கள். பதினோரு வருஷம் கிடங்கில் தூங்கியபோது ஒருவரும் எழுப்பிப் பார்க்கவில்லை. மடத்தனத்துக்குக் கடவுச்சீட்டு தேவையில்லை. ஆனால் அங்கே தேறாதது என்று தெரிந்ததும் அதை அறிவித்துத் திரும்பவாவது வாங்கினார்கள். இங்கே தேறாததைக் கண்டுபிடிக்கும் பொறுப்பும் மாட்டிக்கொள்பவரின் முகத்திலேயே தொங்குகிறது.

பக்கெட்டில் கை விடுபவர்கள் பற்றி ஒரு வார்த்தை. கிருமிநாசினி ஆவியைத் தினமும் சுவாசிப்பது இலவசம் என்று யாரும் நினைக்க வேண்டாம். அமெரிக்காவில் 73,000-க்கும் மேற்பட்ட பெண் செவிலியர்களைப் பின்தொடர்ந்த ஓர் ஆய்வு 2019-இல் வெளியானது. வேலையிடத்தில் கிருமிநாசினிகளோடு புழங்கியவர்களுக்கு நாள்பட்ட நுரையீரல் அடைப்பு நோய் வரும் அபாயம் 25 முதல் 38 சதவீதம் வரை கூடுதல் என்று அது சொன்னது. நம் அக்கா ஜன்னல் இல்லாத மூலையில், துணி மாஸ்க்கோடு, வெறும் கையோடு, பக்கெட்டுக்கு மேல் குனிந்து கண்ணாடி பொறுக்குகிறார். அவரைப் பின்தொடர நம்மிடம் ஆய்வும் இல்லை. அவர் ஒப்பந்ததாரரின் ஆள், ஆஸ்பத்திரிப் பதிவேட்டிலேயே கிடையாது.

பதிவேட்டில் இருந்தவர்கள் கதியைப் பாருங்கள். கொரோனாவுக்காகத் தமிழ்நாட்டில் தற்காலிகமாக எடுத்த செவிலியர்களில் இரண்டாயிரத்துக்கும் மேற்பட்டவர்களுக்கு 2022 டிசம்பர் 31-க்குப் பிறகு பணி நீட்டிப்பு கிடையாது என்று உத்தரவு வந்தது. 2023 பிறந்ததும் தெருவில் உட்கார்ந்து போராடினார்கள். மாவட்டங்களில் மாற்று வேலை தருகிறோம் என்று பிறகு சொன்னார்கள். கவனித்தீர்களா? கண்ணாடி திரும்பத் திரும்ப உபயோகிக்க வேண்டிய பொருள், கெட்டாலும் விடக் கூடாது. அதை மாட்டியிருந்த முகம் மட்டும் ஒருமுறை உபயோகித்து எறிய வேண்டியது. பத்து நிமிடம் ஊற வைக்கவும், பிறகு கொட்டிவிடவும்.

கண்ணாடி மாற்றப் போன ஒரு சிஸ்டருக்கு ஸ்டோரில் நடந்ததை அவர் சொல்லக் கேட்டேன். இதுவும் பெயர் சொல்லாத ஆஸ்பத்திரிதான்.

“சார், இத மாத்திக் குடுங்க. ஒண்ணும் தெரியல.”

ஸ்டோர்காரர் வாங்கிப் பார்த்தார். திருப்பிப் பார்த்தார். “ஒடையலியே சிஸ்டர்.”

“ஒடையல சார். தெரியல.”

“பழசு ஒடஞ்சிருந்தா கண்டம் பண்ணி எழுதிட்டுப் புதுசு தருவேன். தொலஞ்சிருந்தா எழுதிக் குடுத்துட்டுப் பணத்தக் கட்டுங்க, தருவேன். தெரியலன்னு எழுத ரிஜிஸ்டர்ல எடமே இல்ல.”

“நீங்களே மாட்டிப் பாருங்க சார்.”

“நான் எதுக்கு மாட்டணும்? நான் வார்டுக்கா போறேன்?”

சிஸ்டர் வார்டுக்குத் திரும்பி வந்தார். உடைத்துவிடலாம் என்று தீர்மானித்து லென்ஸைத் தரையில் போட்டு மிதித்தார். உடையவில்லை. ஆக்சிஜன் சிலிண்டரை அதன்மேல் உருட்டச் சொன்னார். உடையவில்லை. நிலவுக்குப் போன பொருளாயிற்றே, அதற்குத் தெரிந்த ஒரே நல்ல வித்தையை அன்றைக்குப் பார்த்துக் காட்டியது. கடைசியில் அதைச் சேலைப் பையில் சுருட்டி வைத்துவிட்டு, தன் அஜாக்கிரதையால் தொலைந்துவிட்டது என்று எழுதிக் கையெழுத்துப் போட்டு, சம்பளத்திலிருந்து பிடித்துக்கொள்ளச் சம்மதித்தார். ஸ்டோர்காரர் உள்ளே போய் புதுசு ஒன்று எடுத்து வந்தார். அதன் பட்டையில் ‘ஜெ’ என்று எழுதியிருந்தது.